இடம் நிரப்பிய வரிகள்

அண்ணி எந்தக் கடைக்குப் போனாலும் பொருளைப் பார்ப்பதற்கு முன் பெயர்ப்பலகையைத்தான் பார்ப்பாள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சரியில்லை என்றால் அவளுக்குச் செருப்பில் கல் புகுந்த மாதிரி. "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு பாரு" என்று என் காதில் சொல்வாள். மாத்திரை அட்டை, பேருந்துச் சீட்டு எதையும் விடமாட்டாள். "சாமான் வாங்க வந்தியா, பரீட்சை பேப்பர் திருத்த வந்தியா?" என்று அண்ணன் கேலி செய்வான்.

அவளுக்கு ஒரு டிசைன் அலுவலகத்தில் வேலை. டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். கடைகளுக்கு வேண்டிய விளம்பரம், பை, பெட்டி, இணையதளம் எல்லாம் அங்கே செய்வார்கள். முதலாளிக்கு அங்கிருந்தவர்கள் வைத்த பெயர் 'லோகோ சார்'. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எல்லாம் நல்லாருக்கும்மா. லோகோவை மட்டும் கொஞ்சம் பெருசு பண்ணிடுங்க" என்பார். அதனால் அண்ணி அதை வேண்டுமென்றே சின்னதாக வைத்துக் கொண்டுபோவாள். அவர் சொன்னபடி பெரிதாக்கினால் சரியான அளவுக்கு வந்து நிற்கும். "அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி" என்பாள்.

ஒரு பக்கத்தை வடிவமைக்கும்போது கடைக்காரர்கள் தரவேண்டிய வாசகம் பெரும்பாலும் கையில் இருக்காது. நாளைக்குத் தருகிறேன் என்பார்கள். அதுவரை அந்த இடத்தை ஏதாவது வரிகளால் நிரப்பித்தான் அளவு பார்க்கவேண்டும். மற்றவர்கள் அர்த்தமில்லாத அந்நிய மொழி வரிகளைக் கொட்டிவிடுவார்கள். அண்ணிக்கு அது ஒத்துவராது. "நம்ம எழுத்து மேலே சுழிக்கும், கீழே கால் நீட்டும். அதுக்கு இடம் விட்டிருக்கோமான்னு தமிழ்ல எழுதிப் பார்த்தாத்தானே தெரியும்?" மனதில் என்ன ஓடுகிறதோ அதையே தட்டுவாள். பெரும்பாலும் வீட்டு விஷயம். ஆங்கிலத்தில் வரும் பகுதிகளில் பிழை பார்க்க என்னிடம் அனுப்புவாள். நான் அதை விட்டுவிட்டு இந்த வீட்டு வரிகளைப் படித்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பக்கத்தில், 'குழாய் சொட்டுகிறது, ஆளைக் கூப்பிட வேண்டும், இவரை நம்பினால் வீடு மிதக்கும்' என்று மிக அழகான எழுத்தில் இருந்தது.

பக்கத்தை வெளியே விடுவதற்கு முன் கடைசி வரியில் தொடங்கித் தலைப்பு வரை கீழிருந்து மேலாகப் படிப்பாள். மேலிருந்து படித்தால் கண் ஏமாற்றிவிடுமாம். அப்படி நிரப்பிய வரி ஒன்றுகூட அவள் கையை மீறி வெளியே போனதில்லை.

பிறகு வியாபாரம் படுத்தது. அலுவலகம் இருந்த தெருவில் மட்டுமல்ல, எங்கேயும். கை இறுகும்போது கடைக்காரர்கள் முதலில் கைவிடுவது விளம்பரத்தைத்தான். வாடகையை நிறுத்த முடியாது, விளக்கை நிறுத்த முடியாது, டிசைனை நிறுத்தலாம். மூன்றாம் மாடியில் ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். காலி நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, அவற்றின் மேல் பழைய பெட்டி மாதிரிகளை அடுக்கிவைத்தார்கள். வந்த கொஞ்ச வேலையும் கடையைக் காலி செய்யும் தள்ளுபடி விளம்பரங்கள்தான். "திறப்புக்கு நான் போட்டுக் குடுத்த அதே மஞ்சளைத்தான் மூடுறதுக்கும் கேக்குறாங்க" என்று ஒரு மாலை சொன்னாள்.

அப்போதுதான் லோகோ சார் அவளைக் கூப்பிட்டார். ஒவ்வொரு இணையதளத்தையும் புதிதாகச் செய்ய ஆள் இல்லை. அச்சு மாதிரி சில பக்கங்களைச் செய்து வைத்துவிட்டால், பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும், அலுவலகம் தாங்கும் என்றார்.

அண்ணிக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. யார் கை பட்டாலும் குலையாதபடி செய்தாள். ஒவ்வொரு துண்டுக்கும் 'இங்கே கடையின் பெயர்', 'இந்தப் படம் அகலமாக இருக்கட்டும்' என்று குறிப்பு வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான் கேட்டேன்: "இவ்வளவு சுலபமா செஞ்சு குடுத்துட்டா, அப்புறம் உங்களுக்கு என்ன வேலை இருக்கும் அண்ணி?"

"கத்தி செய்யிறவன் வெட்டிடுமேன்னு மொண்ணையாவா செய்வான்?" என்றாள். சொல்லும்போது திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

முடித்துக் கொடுத்ததும் லோகோ சார் பாராட்டினார். "அருமைம்மா. இதை வெச்சு நானே ஓட்டிடலாம் போல இருக்கு." பாராட்டாகத் தொடங்கிய பேச்சு அப்படியே வளைந்து, அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்பதில் போய் முடிந்தது. வாசல்வரை வந்து வழியனுப்பினார். "நிலைமை சரியாகட்டும். முதல் போன் உங்களுக்குத்தான்."

அன்று சாப்பிடும்போதே அண்ணி எங்களிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் வேலை பார்த்த கிடங்கிலும் வாரத்தில் பாதி நாள் கதவு திறப்பதில்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு நின்றுகொண்டிருந்தது. அம்மா மட்டும், "போனா போகுது. அதான் முதல் போன் உனக்குன்னு சொல்லியிருக்காருல்ல" என்றாள்.

அதன்பின் எங்கள் வீட்டில் 'முதல் போன்' என்பது ஒரு ஆளின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. யார் கூப்பிட்டாலும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "முதல் போனா?" இல்லை என்று அண்ணி தலையசைப்பாள். மற்ற அலுவலகங்களிலும் கேட்டுப் பார்த்தாள். ஓரிடத்தில் மாதிரிக்கு ஒரு பக்கம் செய்து தரச் சொன்னார்கள். செய்து கொடுத்தாள். அதன்பின் அவர்கள் போனை எடுக்கவில்லை. பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கை சும்மா இருக்காமல் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் ஒரே எழுத்தில் பெயர் அச்சடித்து ஒட்டினாள். எல்லாம் ஒரே உயரத்தில், ஒரு கோட்டில். ஒருநாள் அம்மா அவற்றில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "மேலே எழுதி வெச்சா உள்ளே சரக்கு வந்துருமா?" என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணி டப்பாவை வாங்கி மூடினாள். மாலையில் அம்மா தன் முட்டிவலித் தைலப் புட்டியை நீட்டி, "இதுலயும் ஒண்ணு ஒட்டிக் குடும்மா. கண்ணு தெரியாம இருமல் மருந்துன்னு குடிச்சிடப் போறேன்" என்றாள். அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியாது.

ஒரு விடுமுறை நாளில் அந்தப் போன் வந்தது. அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரையில் பெயரைப் பார்த்த அம்மா, "எடும்மா எடு, முதல் போன்!" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டாள். ஈரக் கையோடு அண்ணி முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"சொல்லுங்க சார்."

"என்னம்மா இது, மெத்தைக் கடைப் பக்கத்துல உங்க மாமியாரோட முட்டி வந்திருக்கு?"

அலுவலகத்துக்கு மிஞ்சியிருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அந்த மெத்தைக் கடை. அண்ணி செய்த அச்சை எடுத்து, கடையின் பெயரையும் படங்களையும் மாற்றி, லோகோ சாரே பக்கத்தை வெளியிட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் மாற்றிவிட்டார். 'மேலும் படிக்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால்தான் அடியில் மடிந்திருக்கும் பத்தி விரியும். அவர் அழுத்தவில்லை. பக்கத்தைப் பார்க்க வந்தவர்கள் அழுத்தியிருக்கிறார்கள்.

நான் என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். 'எங்கள் மெத்தையின் சிறப்பு' என்ற தலைப்பின் கீழே இருந்ததை உரக்கப் படித்தேன். "அத்தைக்கு முட்டிவலி மறுபடி வந்துவிட்டது. படி ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை. மழை வரும்போல இருக்கிறது, மாடியில் துணி கிடக்கிறது. இவருக்குச் சொன்னால் நனைந்த பிறகு போய் எடுப்பார்."

"என் முட்டியை எதுக்கு அந்தாளு ஊருக்கெல்லாம் காட்டுறாரு?" என்று அம்மா பதறினாள்.

"விடும்மா. மெத்தை விக்கிறவனுக்கு முட்டிவலியைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா?" என்றான் அண்ணன். "என் மானம்தான் சேர்ந்து போச்சு."

எங்களால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அண்ணியும் ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்தியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. அதை நான் உரக்கப் படிக்கவில்லை. 'இது முடிந்துவிட்டால் எனக்கு இங்கே வேலை இல்லை. முடிக்காமல் வைக்கவும் கை வரவில்லை.'

 போனில் லோகோ சார் மெதுவாகச் சொன்னார்: "கடைசி வரி வரைக்கும் நானும் படிச்சேம்மா."

அண்ணியின் சிரிப்பு நின்றது. "அது சும்மா இடத்தை நிரப்ப எழுதினது சார்" என்றாள்.

"கொஞ்சம் மாத்திக் குடுத்துடுங்கம்மா" என்றார் அவர். "கூலி பேசிட்டுத் தொடு" என்று அண்ணன் சைகை காட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கணினியின் முன் உட்கார்ந்தாள். மெத்தையைப் பற்றி அவளே நான்கு நல்ல வரிகள் எழுதி அந்த இடத்தில் வைத்தாள். பிறகு கீழிருந்து மேலாகப் படித்தாள். ஒரு பக்கம் தப்பாக நிற்கும்போது அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது.

ஆனால் மெத்தைக் கடைக்காரர் சமாதானமாகவில்லை. போய்விட்டார். அவரும் போனபின் மூன்றாம் மாடியில் ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

மறுபடி லோகோ சார் கூப்பிட்டபோது அம்மா எட்டிப் பார்க்கவில்லை. அலுவலகத்தை மூடுகிறார். பழைய வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்லி ஒரு கடைசிப் பக்கம் வேண்டும், செய்து தரமுடியுமா என்று கேட்டார். அங்கே வந்தே செய்கிறேன் என்றாள் அண்ணி. நானும் துணைக்குப் போனேன்.

அவர் தரையில் உட்கார்ந்து கணினிக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது, ரப்பர் வாடை. அண்ணி தன் பழைய நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து இழுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டாள். வெள்ளைப் பின்னணி, நடுவில் சில வரிகள், மேலே அலுவலகத்தின் லோகோ. வழக்கம்போல அதைச் சின்னதாக வைத்தாள்.

"சார், பாருங்க."

அவர் எழுந்து வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வெகுநேரம் பார்த்தார். "நல்லாருக்கும்மா" என்றார்.

அண்ணியின் கை மவுஸின் மேல் காத்திருந்தது.

"அவ்வளவுதான்மா. இதுவே போதும்."

அவர் திரும்பிப் போய்க் கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். சரியான அளவுக்கு வந்ததும் நிறுத்தினாள். கீழிருந்து மேலாக ஒருமுறை படித்துவிட்டு வெளியிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். ஆனாலும் கேட்டுவிட்டாள். "என்னம்மா சொன்னாரு? மறுபடி தொடங்கினா கூப்பிடுவாராமா?"

"இனிமே போன் வராது அத்தை" என்றாள் அண்ணி. செருப்பைச் சுவரோரம் நேராக வைத்தாள். "தைலம் போட்டீங்களா?"