தராசு அக்கா யாரைப் பார்க்கிறார்?

“மஞ்சள் சட்டை, முன்னாடி வாங்க! நீங்க இல்ல சார், நீங்க வெள்ளை. உங்களுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க!”

பார்சல் அலுவலகத்தின் மூன்றாம் கவுன்ட்டரிலிருந்து நாள் முழுக்க இந்தக் குரல் வந்துகொண்டே இருக்கும். வெறுமனே “வாங்க” என்று கூப்பிட்டால் வரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் காலெடுத்து வைப்பார்கள். அல்லது ஒருவருமே அசைய மாட்டார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அக்காவின் வலது கண் நம்மைப் பார்க்கும்போது, இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கி, அடுத்து நிற்பவரை விசாரித்துக்கொண்டிருக்கும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் சட்டை நிறம். ஒரே நிறத்தில் இருவர் வந்துவிட்டால் மீசை, கண்ணாடி, வழுக்கை என்று கூசாமல் அடுத்த அடையாளத்துக்குப் போய்விடுவார்.

பெட்டியைக் கையில் வாங்கிய கணமே எடையைச் சொல்லிவிடுவார். தராசு அதற்குப் பிறகு தலையாட்டும். அதனால்தான் அவர் அலுவலகத்தில் எல்லோருக்கும் தராசு அக்கா. ஆனால் பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றும்போது மட்டும் பிளாஸ்க்கின் வாயைக் கோப்பை விளிம்பில் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் சாய்ப்பார். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்காதவர்களுக்கு எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது சட்டென்று பிடிபடாது.

“வளர வளர தானா சரியாயிடும்னு வீட்ல சொன்னாங்க. நான்தான் வளர்ந்தேன். கண்ணு போன இடத்துலயே உக்காந்துடுச்சு” என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். ஆனால் யாராவது கேமராவைத் தூக்கினால், பக்கவாட்டிலிருந்து யாரோ கூப்பிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். அலுவலகப் படங்கள் எல்லாவற்றிலும் அவருடைய ஒரு காதுதான் இருக்கிறது.

போன வருடம் அவருடைய தம்பி மகளுக்கு நான்கு வயது. படத்துக்கு வண்ணம் தீட்டும்போது அந்தக் குழந்தையின் இடது கண்ணும் மெல்ல மூக்குப் பக்கம் போவதை அக்காதான் முதலில் பார்த்தார். தம்பியிடம் சொன்னார். தம்பி தினசரியிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்: “உன்னைப் பாத்துப் பாத்துதான்க்கா பழகிட்டா. கொஞ்ச நாள் அவ எதிர்ல உக்காராம இரு, சரியாயிடும்.”

இதை என்னிடம் சொன்னபோது அக்காவின் கையில் என்னுடைய புத்தகப் பார்சல் இருந்தது. டேப்பைப் பாதி இழுத்தவர் ஒட்டாமல் அப்படியே நின்றார். “மூணு நாள் நான் அவங்க வீட்டுப் படியேறல. நெஜமாவே நான்தான் ஒட்ட வெச்சிட்டேனோன்னு பயம்.”

நான்காம் நாள் லீவு போட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கண் மருத்துவமனைக்குக் கிளம்பினார். தம்பியும் முணுமுணுத்தபடி பின்னால் போனார்.

மருத்துவர் விரலில் ஒரு யானைப் பொம்மையை மாட்டிக்கொண்டு குழந்தையிடம் கதை சொன்னார். கதைக்கு நடுவே இடது கண்ணைப் பொத்தினார். குழந்தை கவலையே படாமல் யானையைப் பார்த்தது. பிறகு வலது கண்ணைப் பொத்தினார். “யானை போயிடுச்சு! கையை எடு!” என்று குழந்தை கத்திக்கொண்டே அவர் கையைத் தள்ளியது.

“இத்தனை நாளா எம் மருமக ஒத்தைக் கண்ணாலதான் உலகத்தைப் பாத்திருக்கா. யாருக்கும் தெரியல” என்றார் அக்கா என்னிடம்.

மருத்துவர் நிதானமாக விளக்கினார். இரண்டு கண்ணும் வேறு வேறு பக்கம் பார்த்தால் மூளைக்கு இரண்டு படம் போகும். குழம்பிப்போன மூளை, ஒரு படத்தைத் தள்ளிவிடும். வேலை இல்லாத அந்தக் கண் சோம்பேறியாகிவிடும். குழந்தைக்குக் கிட்டத்தில் பார்க்கக் கண் சிரமப்படும் தூரப்பார்வைக் கோளாறு இருக்கிறது, அதற்குக் கண்ணாடி. நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடி, மந்தமான கண்ணை வேலை வாங்க வேண்டும். சின்ன வயதிலேயே கூட்டி வந்ததால் நம்பிக்கை நிறைய.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பியை ஒரு தரம் பார்த்தார். “டாக்டர், இது என்னைப் பாத்து ஒட்டிக்கிட்டதா?”

“பார்த்தெல்லாம் ஒட்டாதும்மா. குடும்பத்துல வரலாம். அது யார் தப்பும் இல்ல. நீங்க கவனிச்சதாலதான் இப்பவே வந்திருக்கீங்க.”

வாசலில் தம்பி செருப்பை மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டார். “அக்கா, நான் சொன்னதை மனசுல வெச்சுக்காத.”

“வெச்சுக்கல. ஆனா தினம் பேட்ச் ஒட்டுற வேலை உன்னோடது.”

முதல் பேட்ச்சைக் குழந்தை பிய்த்துத் தகப்பன் நெற்றியில் ஒட்டியது. இரண்டாவது, கதவில். அடுத்த நாளிலிருந்து அக்கா அவளை மாலையில் அலுவலகத்துக்கே அழைத்து வந்து, கவுன்ட்டருக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் உட்கார வைத்தார். “உடையும் பொருள்” என்று அச்சிட்ட ஸ்டிக்கர்களைப் பென்சில் வட்டத்துக்குள் கச்சிதமாக ஒட்ட வேண்டும். “பேட்ச் போட்ட ஆபீசருக்குத்தான் இந்த வேலை!” என்று அறிவிப்பு. அதற்குப் பிறகு அந்தக் கிளையிலிருந்து போன போர்வை, செருப்பு, தலையணை எல்லாமே உடையும் பொருளாகிவிட்டன. நான் அனுப்பிய அகராதி கிடைத்ததும் நண்பர் பதறிப்போய் போன் செய்தார்: “எங்கேடா உடைஞ்சிருக்கு? நானும் பக்கம் பக்கமாத் தேடிட்டேன்!”

ஏழு மாதத்தில் குழந்தை கண் பரிசோதனைப் பலகையில் முதல் வரியிலிருந்து ஆறாவது வரிக்கு இறங்கியிருந்தாள். கண்ணாடி போட்டால் கண் நேராக நின்றது. மருத்துவர் அக்காவின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எப்ப?”

“எனக்கு நாப்பத்தாறு. என் பஸ் எப்பவோ போயிடுச்சு டாக்டர்.”

“பார்வை பஸ் போயிடுச்சு, நெஜம்தான். கண்ணை நேராக்குற பஸ் இன்னும் நிக்குதே, ஏறலையா?”

அக்கா ஏறினார். ஒரு மணி நேர அறுவை சிகிச்சை. கண்ணை உள்பக்கம் இழுத்த தசையைத் தளர்த்தி, வெளிப்பக்கத் தசையை இறுக்கினார்கள். மாலையில் வீடு திரும்பிவிட்டார். மறுநாள் கட்டைப் பிரித்தபோது கண் சிவந்திருந்தது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. சில நாள் அப்படி இருக்கலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

“ஐயோ, எனக்கு ரெண்டு மருமக! ரெண்டும் வாயை மூடாது!” என்று கத்தினார்.

“அத்தை, அதுல எது நான்?” என்று குழந்தை கவலையோடு கேட்டாள். பத்தாவது நாள் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

மூன்றாம் வாரம் அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று நானும் வரிசையில் இருந்தேன். எனக்கு முன்னால் நெட்டையான ஒருவர் மேசைவிளக்குப் பெட்டியைத் தராசில் வைத்துவிட்டு முகவரி எழுதினார். நிமிர்ந்து பார்த்தார். காலரைச் சரி செய்தார். கன்னத்தைத் துடைத்தார். திரும்பவும் நிமிர்ந்தவர், பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

“என்னம்மா, வந்ததுலேர்ந்து என்னையே முறைச்சுப் பாக்குறீங்க?”

பின்னால் நின்ற நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

“என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.”

“என்னை எதுக்கு இப்படி நேருக்கு நேர் பாக்குறீங்கன்னு கேட்டேன்!”

அக்கா பெட்டியை மெல்ல ஓரமாக நகர்த்தினார். கவுன்ட்டரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, முகத்தைக் கைகளில் ஏந்திக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு அந்த மனிதரை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.