எட்டாவது கட்டம்

போன வாரம் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் புதிய சாமியார் கைபேசியில் கூப்பிட்டார். மறைமாவட்ட வரலாற்றைப் புதிதாக எழுதுகிறார்களாம். "சார், அந்தப் பழைய விழா மலர்ல ஒரே ஒரு தாள் எந்த வீட்டு புக்குலயும் இல்ல. முதல் ஆயரோட படம் அதுலதான் இருந்துச்சாம். நீங்கதான ஆசிரியர், உங்ககிட்ட இருக்குங்களா?" என்றார். பதில் சொல்வதற்குள் என் மூக்கில் அச்சு மை வாசனை ஏறிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தேரடித் தெருவில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதான நோட்டீஸ், கார்த்திகை தீபத்துக்கு உபயதாரர் அழைப்பிதழ் என்று ஊரார் பெயரையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தவன், எங்கள் பங்குக் கோயிலின் விழா மலருக்கு ஆசிரியர் என்றதும் தரையில் நிற்கவில்லை. சட்டைப்பையில் இரண்டு சிவப்புப் பேனாவைச் செருகிக்கொண்டு பூசைக்குப் போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரலாறு எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது. மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போன வெள்ளைக்காரக் குருக்கள், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய கன்னியர், பிஷப்பாக வந்த முதல் ஆயர். கஞ்சி வாங்கிக் குடித்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை, நானும் தேடவில்லை. 'மறைமாவட்டத்தின் மணிவிளக்குகள்' என்று நடுவில் ஒரு பக்கம் வைத்து எட்டுக் கட்டம் போட்டேன். ஏழில் ஆயரும் குருக்களும் கன்னியரும் உட்கார்ந்துவிட்டார்கள். எட்டாவது காலி. ஏழாகக் குறைத்திருக்கலாம். பக்கம் கோணலாகிவிடும் என்று பட்டது.

சூசையண்ணன் நினைவுக்கு வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் காலனியில் பிறந்து, அங்கிருந்து முதல் ஆளாக அரசு அலுவலகத்தில் அதிகாரி நாற்காலிக்குப் போனவர். கோயிலில் சூசை, சாதிச் சான்றிதழில் அண்ணாமலை, இந்து ஆதிதிராவிடர். ஞானஸ்நானம் வாங்கினால் பட்டியல் சாதிக்கான சலுகை போய்விடும் என்பது சட்டம். சாதி மட்டும் போகாது, கோயிலுக்குள்ளும் கூடவே வந்து உட்காரும். அதனால் அந்தக் காலனியில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். எனக்கு இது தெரியாதா என்றால், தெரியும். எங்கள் வீட்டுச் சான்றிதழில் மறைக்க எதுவும் இல்லாததால், தெரிந்தது உறைக்கவில்லை.

பூசை முடிந்து வந்தவரை நிறுத்திக் கேட்டேன். சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"நம்ம பேருல்லாம் எதுக்கு தம்பி, விட்டுடுங்க."

"பெரிய மனசு பண்ணி ஒத்துக்கோங்கண்ணே."

"வேணாம்னா வேணாம்," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனார். நான் அதைத் தாழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

நேரே காலனிக்குப் போய் அவருடைய அம்மா லூர்தம்மாவைப் பார்த்தேன். சுவரிலிருந்த படத்தைக் கழற்றி முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். சூசையண்ணன் சிறுவயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று எடுத்தது. வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுவர்த்தி.

"எம்புள்ள மூஞ்சி ஆயர் இருக்கிற பக்கத்துலயா வருது?"

"அதே பக்கந்தாம்மா."

படத்தின் கீழே எழுதியது இன்னும் மனப்பாடம். 'சூசை என்கிற அண்ணாமலை, அரசு அதிகாரி. தாழ்ச்சி மிக்க கத்தோலிக்கர்.' வேலை பார்க்கிற அலுவலகத்தையும் சேர்த்துப் போட்டிருந்தேன், தெளிவாக இருக்கட்டும் என்று.

மூன்றே மாதத்தில் ஒரு மொட்டைக் கடுதாசியோடு அந்தப் பக்கம் அவருடைய மேலதிகாரிக்குப் போனது. மலரின் ஆசிரியர் என்று என்னையும் விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் சூசையண்ணன் அச்சகத்துக்கு வந்தார். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் அங்கிருந்து நடந்தே வந்திருந்தார்.

"படம் மாறிப்போச்சு, ஆளு வேறன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க தம்பி. ரெண்டு பொண்ணுங்க படிச்சிட்டிருக்குது."

"சொல்லிடறேண்ணே," என்றேன். சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் விசாரணை அதிகாரி மலரைப் புரட்டிப் பார்த்து, "புக்கு நல்லா வந்திருக்குதே. நீங்க போட்டதுல ஏதாவது தப்பு இருக்குதா?" என்று கேட்டார்.

"தப்பெல்லாம் வராதுங்க. அவங்கம்மாகிட்டயே நேர்ல வாங்கின படம்," என்றேன்.

வாயைவிட்டு வந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. சூசையண்ணன் எதிரில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வேலை போயிற்று.

அதன்பிறகு லூர்தம்மா வீடு வீடாக ஏறி இறங்கினார். எழுத்து தெரியாது, மகன் முகம் தெரியும். மலரை வாங்கிப் புரட்டுவார். முகம் வந்ததும் அந்தத் தாளைக் கிழித்து மடியில் செருகிக்கொள்வார். மகனோடு சேர்ந்து ஆயரும் கிழிந்தார். கடைசியில் என் வீட்டுக்கும் வந்தார்.

"உங்ககிட்ட ஒன்னு இருக்குமே, தம்பி."

"இல்லம்மா. எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருந்தது. "நாந்தான தொடச்சுக் குடுத்தேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினார்.

இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். லூர்தம்மா இல்லை. சூசையண்ணன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியாது. கோயிலில் அவர் வழக்கமாக உட்கார்ந்த இடத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

"இருக்குங்களா சார்?" என்று சாமியார் மறுபடி கேட்டார்.

"இல்ல ஃபாதர்," என்றேன்.

கைபேசியை வைத்துவிட்டு பீரோவைத் திறந்தேன். இந்த முறையாவது கிழித்துவிட வேண்டும் என்றுதான் கையில் எடுத்தேன். எட்டுக் கட்டமும் நேராக இருக்கின்றன. ஒரு பிழைகூட இல்லை.