அத்தான், நான் பேசுதது கேக்குதா?

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஜெனிக்கு நிச்சயதார்த்தம். நடக்கவில்லை. காரணம் என் லேப்டாப்... இல்லை, நான்தான்.

எங்கள் வீட்டில் தாய்மாமன் தன் வாயால் சம்மதம் சொன்ன பிறகுதான் தட்டு மாற்றுவோம். ஜெனியின் தாய்மாமன், அதாவது என் மனைவியின் தம்பி, சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். அங்கே ஒரே ஒரு வாய்ஸ் சாட் மென்பொருளுக்குத்தான் அனுமதி.

"போன்லயே போட்டுப் பேசிரலாம்லாப்பா" என்றாள் ஜெனி. கேட்டேனா? பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிவிட்டு, இலவசம், சுதந்திரம் என்று இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் பீற்றிக்கொண்டவன் ஆயிற்றே. லேப்டாப்தான், கூடவே ஒரு பெரிய ஸ்பீக்கர் என்று முடிவு செய்தேன்.

மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால், ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்றது. அதை இறக்கினால், அதற்கு வேறொன்று வேண்டுமாம். பாஸ்வேர்டு அடித்தால் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. கீபோர்டு போய்விட்டதென்று பாளை மார்க்கெட் பக்கம் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அது அப்படித்தான் அண்ணாச்சி, தெரியாது. பைய அடிங்க" என்றார் கடைக்காரர்.

சனிக்கிழமை ஒருவழியாக மென்பொருள் ஏறியது. ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. மைக்கையும் சோதிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஞாயிறு. சேரன்மகாதேவியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தாயிற்று. உபதேசியார் ஜெபம் சொல்லி முடித்தார். மச்சானை அழைத்தேன்.

"அத்தான், நான் பேசுதது கேக்குதா?" கூடமெல்லாம் கணீரென்று கேட்டது.

"கேக்குது, கேக்குது" என்று எல்லோரும் கத்தினோம். அவருக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. நாலு தடவை கேட்டுப் பார்த்தார். பிறகு கப்பலில் தன் பக்கத்திலிருந்த நம்மூர்க்காரர் யாரிடமோ சலித்துக்கொண்டார்.

"லைன் கெடைக்கல வே. ஒருவகைக்கு நல்லதுதான். எனக்கு இந்த எடமே பிடிக்கல. அவனுவ வீட்ல சிரிப்புன்னா என்னன்னே தெரியாது. அக்கா மொகத்துக்காவத்தான் சரின்னு சொல்ல இருந்தேன்."

சத்தத்தைக் குறைக்கும் பட்டனைத் தேடினேன். ஒயரைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். "தாய்மாமன் மனசுல இல்லாம எப்படி அண்ணாச்சி? நாங்க வாரோம்." சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர்கள் போன பிறகு செட்டிங்ஸைப் பார்த்தேன். லேப்டாப்பில் இல்லவே இல்லாத ஒரு மைக்கைத் தேர்வு செய்து வைத்திருக்கிறேன். யாரை நோவது? ஜெனி அன்று முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவைத் தட்ட எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் மச்சானிடமிருந்து மெசேஜ். 'லைன் கிடைக்கல அத்தான். எனக்குப் பூரண சம்மதம். தட்டு மாத்தியாச்சா?'

என்ன பதில் போடுவது? அடித்து அடித்து அழித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பத்திரிகை கப்பலுக்குப் போவதில்லை... அது ஒன்றுதான் ஆறுதல்.