எதற்கென்று கேட்கச் சொன்ன எஸ்தர்

எஸ்தர் இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு மலாவியில் கிடைத்தது. ஆப்பிரிக்காவின் அந்தச் சிறிய நாட்டில், வங்கி எட்டிப் பார்க்காத கிராமங்களுக்குப் பணச் சேவையைக் கொண்டுபோகும் ஒரு திட்டத்தில் நான் பயிற்சியாளர். தேயிலைத் தோட்டத்து ஊர் ஒன்றில், மதியச் சாப்பாட்டுக்காக வகுப்பை நிறுத்தியிருந்தோம். உத்திரமேரூரில் என்னோடு வேலை செய்த பழைய வங்கி முகவர்களின் வாட்ஸப் குழுவில் எஸ்தரின் மகள் ஜெபா குரல் பதிவு போட்டிருந்தாள். "அம்மா போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே முடிஞ்சி போச்சி." அழுகை இல்லாத குரல். நான் சோளக்களித் தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

அந்தக் குழுவில் இருக்கும் உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு எஸ்தர், மாதக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, டீ வந்ததும் எழுந்து போய்விடுகிற பெண்மணி. சண்டைக்காரி என்றும் சொல்வீர்கள். பொய்யில்லை. ஆனால் அவர் எதற்காகச் சண்டை போட்டார் என்று எனக்குத் தெரியும். பெரும்பாலும் என்னோடுதான் போட்டார்.

உத்திரமேரூர்க் கோயில் தெருவில் பிறந்த நான், அரை மணி நேர நடையில் இருக்கிற காலனிக்குள் முதல் முறை கால் வைத்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. அதுவும் ஊர் அக்கறையால் அல்ல, வேலைக்காக. ஒன்றியம் முழுவதும் முகவர்களை நியமிக்கும் பொறுப்பை நிறுவனம் என்னிடம் கொடுத்திருந்தது. விரல்ரேகை மெஷினோடு வீடு வீடாகப் போய், முதியோர் பணத்தையும் நூறு நாள் கூலியையும் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். எஸ்தர் பத்தாவது வரை படித்தவர், நாற்று நடப் போய்க்கொண்டிருந்தவர். "பேங்குக்குப் போனா வெளிய நில்லுன்றாங்க மேடம். பேங்கே இங்க வருதுன்னா நான் ஏன் வேணான்னு சொல்றேன்?" என்று கேட்டு மெஷினை வாங்கிக்கொண்டார்.

முதல் வாரமே தொல்லை. சேற்றிலும் செங்கல் சூளையிலும் தேய்ந்த கட்டைவிரல்களில் ரேகையே இல்லை. மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது. எண்ணெய் தடவினார்கள், புடவையில் துடைத்தார்கள், ஈர மண்ணில் அழுத்திப் பார்த்தார்கள். நான் எல்லா முகவர்களுக்கும் ஒரு கட்டளை போட்டேன்: "பச்சை விளக்கு எரியும்வரை வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்." அது என்னுடைய வாக்கியம். எஸ்தருடையது அல்ல. காலனியில் அது "படியல, இன்னொரு தபா வெய்யி" என்று ஆனது.

அது நன்றாகவே பதிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் எஸ்தர் கைக்குட்டைக்காகப் பைக்குள் கை விட்டிருக்கிறார். எதிரே நின்ற பாட்டி, மெஷினைத்தான் எடுக்கிறார் என்று நினைத்து, கட்டைவிரலைப் புடவையில் துடைத்து நீட்டிவிட்டாராம். மாதக் கூட்டத்தில் எஸ்தரே இதை நடித்துக் காட்டினார். நாம் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், நினைவிருக்கிறதா?

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு நாள் மூச்சு வாங்க என் அலுவலகத்துக்கு வந்தார்.

"மேடம், இன்னிக்கி மெஷின்ல சார்ஜே இல்ல. அது தெரியாம நான் பாட்டுக்கு நீட்டிக்கினு போயிட்டேன். மூணாவது ஆளுக்கு அப்பறந்தான் பாத்தேன், வெளக்கே எரியல."

"அப்புறம்?"

"அப்பறம் வேணும்னே நீட்னேன். தெரு முச்சூடும். எல்லாரும் வெச்சாங்க. ஒருத்தர்கூட இன்னாத்துக்குன்னு கேக்கல."

"உங்க மேல அவ்வளவு நம்பிக்கை, எஸ்தர். சந்தோஷப்படுங்க."

"நம்பிக்கன்னா ஒரு வார்த்த கேட்டிருப்பாங்க, நானும் பதில் சொல்லியிருப்பேன். இது பயக்கம் மேடம். கழுத்த நீட்டுன்னாலும் நீட்டுவாங்க."

நான் அவருக்கு ஒரு புது சார்ஜர் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாளிலிருந்து எஸ்தர் தானே ஒரு வழக்கம் கொண்டுவந்தார். யார் வந்தாலும் மெஷினை மடியில் வைத்து மூடிக்கொள்வார். "இன்னாத்துக்கு வெக்கிற, எவ்ளோ எடுக்கிற? ஒன் வாயால சொல்லு. சொன்னாதான் தொட வுடுவேன்" என்பார். கிழவிகளுக்குக் கோபம். "இன்னாடி பேஜார் பண்ற, பரீட்சையா வெக்கிற?" என்று கத்துவார்கள். "ஆமா, பரீட்சதான். பாஸானாதான் பணம்" என்று இவர் அதைவிட உரக்கக் கத்துவார். ஒரு நாளைக்கு ஐம்பது பேர் என்றிருந்தது இருபதானது. தலைமை அலுவலகம் என்னைக் கேட்டது. நான் எஸ்தரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை காலை நேரில் வரவேண்டும் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

வந்தார். எனக்கு அப்போது ஒரு வீடியோ கூட்டம். வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். இரண்டு தடவை கதவைத் திறந்து, "மேடம், நான் போயிட்டு நாளைக்கி வரட்டா? வூட்டாண்ட இருக்கணும் போல கீது" என்று கேட்டார். கைசாடையால் உட்காரச் சொன்னேன். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே கூப்பிட்டு, பத்து நிமிடம் கடிந்துகொண்டு அனுப்பினேன்.

அந்தக் காலை நேரத்தில்தான் காலனிக்குள் இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் நம்முடையதைப் போலவே ஒரு மெஷின். ரேஷன் கார்டைப் புதுப்பிக்க வேண்டும் என்றார்களாம். வேறு எதையும் சொல்லத் தேவைப்படவில்லை. தெருவே வரிசையில் நின்றது. ஒவ்வொரு விரலுக்கும் அவர்கள், "படியல, இன்னொரு தபா வெய்யி" என்றார்கள். மறுபடி வைத்தார்கள். மூன்றாம் முறையும் வைத்தார்கள். வைத்த ஒவ்வொரு தடவையும் கணக்கிலிருந்து பணம் போனது. என் கட்டளையிலிருந்து பிறந்த வாக்கியம் அது, எழுத்துப் பிசகாமல்.

தெருக்கோடி வீட்டுக் குப்பம்மா ஒருவர் மட்டும் விரலை மடக்கிக்கொண்டு, "இன்னாத்துக்கு?" என்று கேட்டிருக்கிறார். கார்டுக்குத்தான் என்றார்களாம். "அப்ப கார்ட எடுத்தாறேன், அதுல எழுதிக் காட்டு" என்று அவர் உள்ளே போய்த் திரும்புவதற்குள் இருவரும் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். எஸ்தரின் பரீட்சையில் தேறியவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த முறை பணம் எடுக்க வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எஸ்தரின் மெஷின் முதல் ஆளுக்கு இருப்பு இல்லை என்றது. இரண்டாவது ஆளுக்கும், மூன்றாவது ஆளுக்கும் அதையே சொன்னது. வங்கியில் போய்க் கேட்டால், உங்கள் விரல்தானே வைத்திருக்கிறது என்றார்கள். காலனிக்குத் தெரிந்த மெஷின்காரி எஸ்தர் ஒருவர்தான். அதனால் பழி முழுவதும் அவர்மேல் விழுந்தது. சர்ச்சில் அவர் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. ஜெபாவுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. நிறுவனம் மெஷினைத் திருப்பி வாங்கிக்கொண்டது. அந்த உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

எஸ்தர் ஒரு வார்த்தை திட்டவில்லை. தன்னோடு பேசாதவர்களின் வீடுகளுக்கே போய், ஒவ்வொருவருக்கும் புகார் எழுதி, காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அலைந்தார். சிலருக்குப் பணம் திரும்பியது, பலருக்கு இல்லை. திருடர்கள் வந்த நேரத்தில் நீ எங்கே போனாய் என்று காலனியே கேட்டபோது, ஆபீசில் வேலை இருந்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நான் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. இன்றுதான் நான் சொல்கிறேன். இந்த அஞ்சலியை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

எனக்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். நம் ஒன்றியத்தின் சாதனை, நிறுவனத்தின் விளக்கப் படங்களில் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் என்னை மலாவிக்கு எடுத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் விதியைக் கல்லில் வெட்டி வைத்த ஊரிலிருந்து வருகிறேன் என்று அங்கே ஒவ்வொரு வகுப்பையும் தொடங்குவேன். காலனியைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் மனம் கேட்காமல் எஸ்தருக்குப் போன் செய்தேன். இங்கேயும் பெண்களின் விரல் பதியவில்லை என்றேன்.

"அவங்க இன்னா வேல செய்றாங்க மேடம்?"

"தேயிலை பறிக்கிறாங்க. சோளக் கொல்லையில களை எடுக்கிறாங்க."

"அப்ப அது நம்ம வெரலுதான்." பிறகு அவரே தொடர்ந்தார். "ஒண்ணு கேக்குறேன். இன்னொரு தபான்னு அவங்க பாஷைல எப்டி சொல்லுவாங்க?"

"கச்சிவிரி."

"அத மட்டும் சொல்லித் தராதீங்க."

அதற்குள் மூன்று குழுக்களுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தேன். அவர் இறந்த செய்தி வந்த அன்று பிற்பகல் வகுப்பில் நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மெஷின்மேல் குனிந்திருந்த முகவர்கள் அவர்களாகவே சொன்னார்கள். எதிரே இருந்த பெண்கள் மறுபடி விரலை வைத்தார்கள்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு விடுப்பில் வந்தேன். எஸ்தரின் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். அவரோடு பேசாமல் இருந்தவர்களும் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் போனோடு வந்தார். எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார். எந்த வங்கி, எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை.

"இனிமே வெரல் தேயுற பேஜாரே இல்ல. மூஞ்சக் காட்டுனா போதும். ஒரே ஒரு தபா கண்ண சிமிட்டு ஆயா" என்றார்.

முதல் பாட்டி சோற்றுக் கையை இலைக்குமேல் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். போன் அடுத்த இலைக்குப் போனது. குப்பம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். போன் அவரைத் தாண்டி நகர்ந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. அங்கே யாருக்கும் தெரியாது. நான் பரிமாறிக்கொண்டிருந்த வாளியோடு நின்றேன்.

எஸ்தரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கேள்வி ஒன்றைத்தான். அன்று வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவர் பேச்சிலேயே, உரக்க, "இன்னாத்துக்கு?" என்று கேட்டேன். அதற்குள் ஏழு பேர் கண்ணைச் சிமிட்டி முடித்திருந்தார்கள்.