வானம் பார்க்கிற பெட்டியில் என் பெயர்

இன்று பின்னேரம் நடந்ததை நான் சொல்லச் சொல்ல, மகள் கம்ப்யூட்டரில் அடித்து எங்கள் குழுவுக்கு அனுப்புகிறாள்.

என் கணவர் காலமாகி மூன்று மாதம். பல்கனியில் அவர் வானம் பார்க்கப் பொருத்தி வைத்த ரெலஸ்கோப்பை ஒருவரும் அசைக்கவில்லை. அதைக் கொண்டுபோக அவருடைய கூட்டாளி நேசன் அண்ணை வந்தார்.

அதற்கு ரிமோட் மாதிரி ஒரு கைப்பெட்டி இருக்கிறது. பெயரைத் தேடி அமத்தினால் ரெலஸ்கோப் குழாய் தானாகத் திரும்பி அந்த நட்சத்திரத்தைக் காட்டும். அண்ணை பெயர்களை வாசித்துக்கொண்டே போனார்.

"தங்கச்சி, இஞ்சை பாருங்கோ. உங்கடை பேரும் கிடக்கு."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. என்ரை பேரிலை நட்சத்திரமோ?"

அமத்தினார். குழாய் உறுமிக்கொண்டு, மேலே போகாமல் கீழே குனிந்தது.

கண்ணை வைத்துப் பார்த்தேன். நான் வேலை முடிந்து வந்து இறங்குகிற பஸ் ஸ்ரொப். அந்தக் குழாயில் எல்லாமே கவிழ்ந்துதான் தெரியுமாம்; சனமெல்லாம் தலைகீழாக நின்றது.

"உந்த பஸ் ஸ்ரொப்பை ஏன் அண்ணை அவர் என்ரை பேரிலை இதுக்குள்ளை வைச்சவர்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? மனிசன் ஒண்டும் சொல்லேல்லையே."

என் கணவருக்கு இரவு வேலை; பகலில் வீட்டில்தான் நிற்பார். நான் வந்து கதவைத் திறக்கும்போது தேத்தண்ணி சுடச்சுட மேசையில் இருக்கும். நான் வருவது எப்படித் தெரியும் என்று கேட்டால், "சாத்திரம் பாத்தனான்" என்பார்.

அண்ணையை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். அழுவதா, களவாகப் பார்த்ததற்குக் கோபிப்பதா என்று தெரியவில்லை.

நாளைக்கு பஸ்ஸால் இறங்கி மேலே எங்கள் பல்கனியைப் பார்க்கிறதோ, பாராமல் வாறதோ? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.