செம்பவாங்கில் தினமும் ஊதிய சங்கு

இன்று சிங்கப்பூர் தேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா மகள் யாழினி கைப்பேசியை நீட்டினாள்.

"மாமா, இத படிங்களேன். செம ஜோக் லா!"

ஆளாளுக்கு எழுதிச் சேர்க்கும் கிண்டல் கலைக்களஞ்சியம் அது. செம்பவாங் பற்றிய பக்கத்தில் ஒரு வரிக்கு மட்டும் சிரிப்புப் பொம்மைகள் குவிந்து கிடந்தன:

"எழுபதுகளில் இங்கே கப்பல் பட்டறைத் தமிழர்களுக்குத் தினமும் காலையில் சங்கு ஊதுவார்கள். உடனே எழுந்து வேலைக்குப் போவார்கள்."

நான் எழுதிய வரி! நிஜக் கலைக்களஞ்சியத்தில்தான் எழுதினேன். ஆதாரம் இல்லையென்று அங்கே தூக்கிவிட்டார்கள். யாரோ அதை எடுத்து இங்கே போட்டிருக்கிறார்கள்.

"ஜோக் இல்லம்மா. ஷிப்யார்டுல ஷிஃப்ட்டுக்கு சைரன் அடிப்பாங்க. அதத்தான் நாங்க சங்குன்னு சொல்லுவோம். அது ஊதினதும் எங்கப்பா, அதான் உன் தாத்தா, சட்டைய மாட்டிக்கிட்டு ஓடுவாரு."

"தாத்தாவுக்கே டெய்லி சங்கா?"

சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை அக்கறையாகவே கேட்டாள்:

"ஆனா மாமா, ப்ரூஃப் ஏதாச்சும் இருக்கா?"

என்னிடம் இருந்த ஒரே ப்ரூஃபுக்கு, இவள் பிறப்பதற்கு முன்பே சங்கு ஊதியாயிற்று.

செம்பவாங்கில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் யாராவது மிச்சம் இருந்தால் கீழே எழுதுங்கள். வெறும் சிரிப்புப் பொம்மை போட்டாலும் சரி, ஆள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.