ஆர்க்காங்கலை

என் தம்பி டாக்டருக்குப் படிக்கும் ஊரின் பெயர் ஆர்ஹாங்கெல்ஸ்க். ரஷ்யாவின் வடக்கே, வெண்கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் ஊவா மாகாணத்துக்குப் பதுளை எப்படியோ, அங்கே ஒரு மாகாணத்துக்கு அது தலைநகர். அந்தப் பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து அங்கேயே கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு, 'கலை' என்று முடிந்தால்தான் அது ஓர் ஊர். "ஆர்க்காங்கலை" என்றார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், மகன் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னார். ஒரு அக்கா, "அது வெலிமடைப் பக்கமா, ராகலைப் பக்கமா?" என்று கேட்டாராம்.

அம்மா போனில் சொன்னபோது நானும் சிரித்தேன். அந்தப் பெயரைப் பொறுக்கியெடுத்து எங்கள் மேலேயே எறிய மதினி இருக்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மதினி என் கணவரின் அக்கா. பதுளை டவுனில் வீடு. அவருடைய கணவர் ஒரு இரும்புக் கடையில் கணக்குப் பார்க்கிறார். அதிகம் பேசாத மனிதர். எங்கள் வீடு தெமோதரைக்கு மேலே, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிக் கட்டிய புது வீடு. மகள் பிறந்த பிறகு மதினி வாரம் தவறாமல் வருவார். குழந்தையைத் தூக்கிப் பார்த்து, "என்னா புள்ள, பால் குடுக்கிறியா இல்லையா, கோழிக்குஞ்சு மாதிரி இருக்கா?" என்பார். அன்றைக்கு முழுதும் குழந்தையின் தொடையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைப்பேன். எனக்கு எல்லாவற்றிலும் பயம். மதினிக்கு அது தெரியும்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடியிருந்தோம். தையில் குழந்தைக்கு ஏழு மாதம், காது குத்திவிடலாம் என்று பேச்சு நடந்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பி வீடியோவில் வந்தான். இங்கே முற்றத்தில் வெயில் கொளுத்துகிறது. அவன் நின்ற இடம் கும்மிருட்டு. ஒரு தெருவிளக்கு, அதன் கீழே பனி, பின்னால் ஒரு பக்கம் சாய்ந்துபோன பழைய மரவீடு.

"என்னாடா இருட்டுல நிக்கிற?"

"விடியலக்கா இன்னும். கிளாசுக்குப் போறேன்."

"அந்த வீடு விழப்போகுதுடா!"

"இங்க பாதி வீடு அப்படித்தான். சேத்து நிலத்துல மரத்தூணை அடிச்சுக் கட்டினது. ஊரே மரம் அறுக்குற ஊருக்கா. ஆத்துல மரம், கப்பல்ல மரம், எங்க பாத்தாலும் மரம்."

மதினி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "தாய்மாமன் வரமாட்டான் போல. அதுனால என்னா? எங்க வீட்டுக்காரரும் புள்ளைக்கு மாமாதானே. அவரு மடியில வச்சுக் குத்திருவோம்."

அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் புருஷனும் மாமா. தமிழில் ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குள் நுழைந்து என் தம்பியின் இடத்தில் உட்காரப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது குழந்தை யார் மடியில் இருக்கிறதோ, அவருக்குத்தான் பிறகு எல்லாமே. அவள் பெரியவளானால் முதல் தண்ணீர் ஊற்றுவதும் அவர் வீடு, கல்யாணத்தில் முதல் மாலையும் அவர் கையில். அப்பா போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அம்மாவும் இவனும்தான். புறப்படும் நாளில் தம்பி என் வயிற்றைப் பார்த்து, "அந்த மடியை எனக்கு வச்சிரு அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினான். மதினியிடம் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மரியாதைக் குறைவாகுமோ, கணவர் சங்கடப்படுவாரோ என்று யோசித்து யோசித்து, பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

தையில் குழந்தைக்குச் சளி பிடித்தது. காது குத்துத் தள்ளிப்போனது. சளிக்கு நான் கும்பிடு போட்டேன்.

அந்த இடைவெளியில்தான் பேச்சு கிளம்பியது. தம்பி ரஷ்யாவுக்கே போகவில்லையாம். ஆர்க்காங்கலை என்று ஏதோ ஒரு தோட்டத்துக்குப் பக்கத்துக் காட்டில் மரம் அறுக்கிறானாம். பட்டப்பகலில் இருட்டுக்குள் நின்று பேசியதை மதினியே கண்ணால் பார்த்தாராம். "உச்சி வெயில்ல இருட்டா இருக்கிற ஊரு எங்கம்மா இருக்கு? ஏதோ குடோனுக்குள்ள நின்னு பேசுறான்." பதுளையில் தொடங்கி, பண்டாரவளை பஸ்ஸில் ஏறி, பூனாகலைப் பெரட்டுக்களத்தில் போய் இறங்கியது அந்தப் பேச்சு. சொன்னது அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குடோன் என்ற வார்த்தை வரைக்கும் அப்படியே வந்து சேர்ந்திருந்தது.

அம்மா ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். பின்னால் கொழுந்துக் கூடைகள் உரசும் சத்தம்.

"பாப்பா, நெசமாச் சொல்லு. அவன் ரஷ்யாவுலதான் இருக்கானா?"

என் தம்பியைப் பெற்றவள் கேட்கிறாள். மலைமேட்டில் நின்று, மற்றப் பெண்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறாள். மதினி என்னை எத்தனை சொன்னாலும் விழுங்கியிருப்பேன். இதை விழுங்க முடியவில்லை. இதற்குப் பதில் செய்யாமல் விடக்கூடாது என்று நினைத்தேன். நினைத்த உடனே, பிள்ளை பெற்ற வீட்டில் இப்படி வஞ்சம் வைத்தால் பிள்ளைக்கு ஆகுமா என்றும் பயந்தேன். பயந்துகொண்டே வஞ்சத்தை வளர்த்தேன்.

உயர்தர வகுப்பில் நான் படித்த பாடங்களில் எனக்குப் பிடித்தது புவியியல். குழந்தை தூங்கும் நேரமெல்லாம் போனில் அந்த ஊரின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டேன். பதுளையைப்போல மலைகளுக்கு நடுவே உட்கார்ந்த ஊர் அல்ல அது. மலையே கிடையாது. தட்டையான நிலம், அதன் ஓரமாக வட த்வினா என்று ஓர் ஆறு. எங்கள் பதுளு ஓயாவைத் தாண்டுவதுபோல நினைக்கக்கூடாது. அக்கரை ஒரு கோடு மாதிரித்தான் தெரியும் என்றான் தம்பி. ஆறு கடலில் சேரும் முன்னே பல கிளையாகப் பிரிந்து தீவுகளைச் சுற்றி ஓடுகிறது. ஊரும் ஆற்றோடு சேர்ந்து நீண்டு கிடக்கிறது. ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கப்பல்கள் ரஷ்யாவுக்குள் நுழைய அதுதான் வாசலாம். தேவதூதர்களின் தலைவன் பெயரை வைத்திருக்கிறார்கள். நமக்கு மழைக்காலம் என்றால் அங்கே பனிக்காலம். ஆறு உறைந்து போகும். தீவில் இருப்பவர்கள் ஆற்றின் மேலேயே நடந்து கடைக்கு வருவார்கள். கப்பலுக்காகப் பனியை உடைத்து ஒரு வழி விட்டிருப்பார்கள். அது மூடி இறுகும்வரை கரையில் காத்து நின்று கடப்பார்களாம்.

ஆனால் எனக்கு வேண்டியது வேறு. அங்கே மார்கழியில் சூரியன் பேருக்கு எழுந்து உடனே படுத்துவிடுகிறது. வைகாசி, ஆனியில் படுக்கவே மனமில்லாமல் சுற்றிச் சுற்றி நிற்கிறது. நடுச்சாமத்திலும் வெளிச்சம்.

அதைத் தெரிந்துகொண்ட அன்று நான் தனியாகச் சிரித்தேன். குழந்தை என்னை அதிசயமாகப் பார்த்தாள்.

மாசியில் மதினி மறுபடி காது குத்துப் பேச்சை எடுத்தார். "வைகாசியில வைப்போம் மதினி, அப்ப பதினோரு மாசம், ஒத்தப்படை" என்றேன். பூசாரியிடம் நானே போய், அதிகாலை முகூர்த்தம் வேண்டும் என்று கேட்டேன். அதிகாலை வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? எங்கள் தோட்டத்துக்கு நமுனுகுல மலையைத் தாண்டித்தான் சூரியன் வரவேண்டும். மற்ற ஊரில் விடிந்தாலும் எங்கள் மாரியம்மன் கோயிலில் நேரஞ்சென்றுதான் வெளிச்சம் விழும்.

"இவ்வளவு வெள்ளனா எதுக்கு? புள்ளைக்குக் குளிராதா?" என்று கணவர் கேட்டார். அவருக்கும் நான் சொல்லவில்லை. அவர் நல்லவர், நல்லவர்கள் இரகசியத்தை அக்காவிடம் சொல்லிவிடுவார்கள்.

அன்று கோயிலில் ஒரே ஒரு பல்பு. மூடுபனி படியேறி உள்ளே வந்து நின்றது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதினியின் கணவர் புது வேட்டியில், பலகைக்குப் பக்கத்தில் தயங்கி நின்றார். அம்மா முதல் நாளே வந்துவிட்டார். தூணோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"உக்காருங்க" என்று மதினி தன் கணவரைப் பலகைக்குத் தள்ளினார்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றேன். பையிலிருந்து ஒரு வேட்டியை எடுத்தேன். புறப்படும் நாளில் இதே கோயிலில் தம்பி கட்டிக் கும்பிட்ட வேட்டி. அதை அம்மாவின் மடியில் விரித்தேன். அம்மா பதறிப்போய், "என்னா பாப்பா இது?" என்றார்.

"ஏம்மா, பொம்பளை மடி மாமன் மடியாகுமா? யாரு சொல்லிக் குடுத்தா இதை?" மதினியின் குரல் கோயில் முழுதும் கேட்டது.

"தாய்மாமனை 'அம்மான்'னுதானே சொல்றோம் மதினி? அதுல ஒத்த எழுத்தை எடுத்துட்டா மிச்சம் யாரு? அம்மா."

ஆசாரி முதலில் சிரித்தார். பூசாரி, "சரியாத்தானே சொல்லுது" என்றார். மதினியின் கணவர், பாரம் இறக்கி வைத்தவர்போல மூச்சுவிட்டு, "நல்லதும்மா, எனக்கு மூட்டு வலி வேற" என்று விலகிக்கொண்டார். மதினி அவரைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு இனிக்கிறது.

பிறகு நான் தம்பியைக் கூப்பிட்டேன். பரீட்சைக்காலம், தூங்காமல் விழித்துப் படித்தவன் ஆற்றங்கரைக்கு வந்து காத்திருந்தான். போனை மதினியின் கையில் கொடுத்தேன்.

"நீங்களே புடிங்க மதினி. நீங்க புடிச்சாத்தான் எல்லாருக்கும் தெரியும்."

மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. காது குத்துக்கு வந்திருந்த கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. போனை உயர்த்திப் பிடித்தார். அதிலிருந்து வந்த வெயில் அவர் முகத்தில் விழுந்தது. எங்களுக்கு இருட்டு, அவனுக்கு வெயில்.

"இப்ப அங்க மணி என்னா தம்பி?" என்று உரக்கக் கேட்டேன்.

"சாமம்க்கா. விடியக்காலை மூணுகூட இல்ல. பாரு வெளிச்சத்தை!"

கூட்டம் நெருங்கி வந்தது. "சாமத்துல வெயிலா?" என்றது ஒரு குரல். "இது தோட்டமில்லடி, ஆத்தாடி, எம்மாம் பெரிய ஆறு!" என்றது இன்னொன்று.

"காட்டுடா" என்றேன். "எல்லாத்தையும் காட்டு. மதினி பாக்கணுமாம்."

அவன் நடந்தான். கரை நீளமும் கல் பதித்த நடைபாதை. வெறிச்சோடிய மணல். கப்பல் ஒன்று மரத்தை ஏற்றிக்கொண்டு கடல் பக்கம் போனது. ஆற்றோரம் கோட்டும் தொப்பியுமாக ஒரு ராஜா சிலை. ஊரில் எல்லாவற்றுக்கும் மேலே தனியாக நிற்கும் உயரமான கட்டடம். பலகை பதித்த தெரு. அதில் சன்னலெல்லாம் மரப்பூ வேலை செய்த பழைய வீடுகள். மான் உருவத்தில் சுட்டு வெள்ளைச் சீனிப்பாகில் கோலம் போட்ட மாப்பலகாரத்தை, சட்டைப்பையிலிருந்து எடுத்து மருமகளிடம் நீட்டினான். கொசுவை அடித்துக்கொண்டே கடைசியில் அவன் படிக்கும் கல்லூரி வாசலுக்கு வந்து, உள்ளே போகும் அட்டையில் இருந்த தன் முகத்தையும் காட்டினான்.

மதினியின் கை இறங்கத் தொடங்கியது. "கொஞ்சம் தூக்கிப் புடிங்க மதினி, பின்னால உள்ளவங்களுக்குத் தெரியல" என்றேன். தூக்கினார். மறுபடி இறங்கியது. மறுபடி சொன்னேன். இரண்டாவது காதும் குத்தி முடியும்வரை விடவில்லை. குழந்தை அலறினாள், அம்மா அவளை வேட்டியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, போனைப் பார்த்து, "சாமி, அங்க நம்ம தேயிலை கிடைக்குதா?" என்று கேட்டார். "கிடைக்குதும்மா, பாலில்லாமத்தான் குடிப்பாங்க" என்றான் தம்பி. அம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தார்.

"கை வலிக்குதா மதினி?" என்று கேட்டுப் போனை வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை குழந்தைக்கு ஒரு காது சிவந்து வீங்கியது. என் வஞ்சம்தான் பிள்ளைமேல் இறங்கிவிட்டதோ என்று கை கால் ஓடவில்லை. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மஞ்சள் பூசினேன். அடுத்த நாள் வற்றியது. வற்றிய பிறகு யோசித்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று தோன்றவில்லை.

போன மாதம் பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே துணிக்கடையில் மதினியைக் கண்டேன். என்னைக் கவனிக்கவில்லை. கடைக்காரரின் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க தம்பி ஒருத்தன் ரஷ்யாவுல டாக்டருக்குப் படிக்கிறான். அந்த ஊர்ல ராத்திரியே கிடையாதுங்க. நான் கண்ணால பாத்தேன்."

எங்க தம்பி. அதையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனேன். அவள் காதில் கம்மல் மின்னியது.

"மார்கழியில பகலும் கிடையாது மதினி" என்றேன். "அதையும் நீங்கதானே கண்ணால பாத்தீங்க? அதையும் சொல்லுங்க. குடோன் கதையைச் சொல்லுங்க."

கடைக்காரரின் மனைவி, "என்ன குடோன்?" என்று கேட்டார். மதினி கையிலிருந்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அவர் பதில் சொல்லாமல் நான் நகர்வதாக இல்லை. தெமோதரை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும் என்று நின்றேன்.